திருப்பி வாங்கிய வீடு

பிப்ரவரி 9

அத்தானுக்கு,

உறையைப் பார்த்ததும் "இவளுக்கு என்ன வந்தது, போன் இல்லையா" என்று நினைப்பீர்கள். போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தையும் கிழிக்கலாம்தான். ஆனால் கிழிப்பதற்குள் ரெண்டு வரியாவது கண்ணில் பட்டிருக்கும். எனக்கு அது போதும்.

ஒன்று, நான் எதையும் தூக்கிப் போடவில்லை. இன்னொன்று, என்ன போக வேண்டும், என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது உங்கள் பிள்ளைகள்.

இனிக் கிழிப்பதென்றால் கிழியுங்கள்.

கிழிக்கவில்லையா? அப்படியானால் மீதியும் கேளுங்கள். பல் கட்டுகிற லேபில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பிள்ளைகளுக்குத் தலை வாரி, வாய்க்கு ருசியாக ஏதாவது செய்து கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். வந்து பார்த்தால் ரெண்டும் ஹால் சோபாவில் தலைமாடு ஒன்று கால்மாடு ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. "ஏண்டி, உங்க ரூம் என்னாச்சு?" என்று கேட்டேன். "அங்க இடமில்ல சித்தி" என்றாள் பெரியவள்.

போய்ப் பார்த்தேன். கதவு பாதிதான் திறந்தது. கட்டில் மேல் அட்டைப்பெட்டிகள், போன வகுப்புப் புத்தகங்கள், காலுக்குப் பற்றாத ஷூக்கள், பெடல் போன சைக்கிள், விரல் நுனி அளவு கிரையான் துண்டுகள். போன வருஷம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத நாளில் எது எங்கே கிடந்ததோ, அது அங்கேயே கிடந்தது. அதன் மேல் புதிதாக வந்ததும் சேர்ந்துகொண்டது.

நான் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொன்னேன். "இது உங்க சாமான். நீங்க சொல்லணும், நான் தூக்கணும். நான் வெறும் கூலியாள்." மூன்று குவியல் போட்டோம். வைத்துக்கொள்வது, கொடுப்பது, குப்பை. கொஞ்ச நேரத்தில் சின்னவள் பட்டாணி நாலாவதாக ஒன்று ஆரம்பித்துவிட்டாள். ஒற்றைக் கண் கரடியைக் கட்டிக்கொண்டு, "இதைக் குடுக்கலாம் சித்தி. ஆனா நாளைக்கு" என்றாள். சக்கரம் இல்லாத கார் ஏன் வேண்டும் என்று கேட்டதற்கு, "அது ரெஸ்ட் எடுக்குது" என்றாள். அப்புறம் அந்த நாளைக்குக் குவியல்தான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக வளர்ந்தது. அஞ்சு வயசுக்காரியின் நாளைக்கு எப்போது வரும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அக்கா செய்து கொடுத்த அந்த அட்டை வீட்டைக் கொடுக்கலாம் என்று பெரியவள் சொன்னபோது, "இதை வெச்சுக்கலாமேடி" என்றேன். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. அவள் தலையை ஆட்டினாள். "வேணாம் சித்தி. இதைக் குடுத்துடலாம்." அவளே தூக்கிக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பக்கத்துத் தெருக் காப்பகத்துக்கு நடந்தாள்.

நீங்கள் வேலை முடிந்து வந்ததும், கேட்டதும், கத்தியதும் திரும்பச் சொல்ல வேண்டாம். "உங்க அக்காவைத்தான் காப்பாத்த முடியல. அவ விட்டுட்டுப் போனதையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?" என்றீர்கள். அதை மட்டும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பல்லுக்கு மெழுகு வார்க்கும்போதெல்லாம் அதுதான் காதில் கேட்கிறது. போன வாரம் ஒரு பெரியவருக்கு முன்பல்லைக் கோணலாக வைத்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் கிளம்பி வந்துவிட்டேன். அவர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அது மட்டும் என் தப்பு.

வாலு


பிப்ரவரி 18

வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

உன்னளவுக்கு எனக்கு எழுத வராது. ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்காமல் போகிறது. பார்ட் வர வேண்டும். அதுவரை நேரம் இருக்கிறது.

பிள்ளைகள் முடிவு செய்தார்கள் என்கிறாய். பெரியவளுக்கு ஒன்பது வயது. காலையில் எந்த ரிப்பன் கட்டுவது என்று முடிவு செய்வதற்குள் ஸ்கூல் வேன் போய்விடுகிறது. அவளைக் கூப்பிட்டு வைத்து, அம்மா செய்து கொடுத்ததை வைப்பதா கொடுப்பதா என்று கேட்டிருக்கிறாய். பெரியவர்கள் செய்கிற காரியமா இது?

அந்த வீடு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். உன் அக்கா செருப்புக் கடையிலிருந்து காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினாள். நாலு மாடி. பேனாவில் ஜன்னல். நடுவில் தீப்பெட்டி லிஃப்ட், நூல் கட்டி இழுக்கிற மாதிரி. "இந்த லிஃப்ட் ரிப்பேரே ஆகாது, உங்களுக்கு இங்க வேலை கிடையாது" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். இரண்டாவது மாடிச் சுவரில், பசை காய்வதற்குள் அவள் கட்டைவிரல் பட்டு, ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. அதை உனக்குக் காட்டியிருக்கிறேனா என்று தெரியவில்லை.

அந்த விரல் ரேகையைத்தான் நீங்கள் மூன்று பேரும் காப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் போய்த் திருப்பி வாங்கி வந்துவிட்டேன். காப்பகத்து மேடம், "உங்க பொண்ணே கொண்டுவந்து குடுத்ததாச்சே சார்?" என்றார். "சின்னப் பொண்ணு, தெரியாம குடுத்துட்டா" என்றேன். ஒரு சிறு பெண், நாலு வயது இருக்கும், அந்த வீட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் தூக்கியபோது அழவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். கடைக்குப் போய் ஒரு பந்து வாங்கி வந்து அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். யாருக்கும் நஷ்டம் இல்லை.

பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையைக்கூட இறக்காமல் ரூம் வாசலில் நின்று பார்த்தாள். "அம்மா வீடு திரும்பி வந்துடுச்சு பாத்தியா?" என்றேன். "ம்" என்றாள். சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் எழுதினாள், படுத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைக்கிறேன்.

உன்னைக் கிளம்பு என்று சொன்னது கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அத்தான்


பிப்ரவரி 27

அத்தான்,

உங்கள் கடிதத்தை லேபில், சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கையிலிருந்த பிளாஸ்டர் உங்கள் எழுத்து மேலெல்லாம் அப்பிக்கொண்டது. அதனால் எங்காவது தப்பாகப் படித்திருப்பேனோ என்று கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன். தப்பாகப் படிக்கவில்லை. நிஜமாகவே போய் அதைத் திருப்பி வாங்கி வந்திருக்கிறீர்கள்.

அவள் வாயடைத்துப் போனது சந்தோஷத்திலா? உங்களை என்னவென்று சொல்வது! லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், வெளியில் நின்றபடியே, மூச்சு விடுகிற சத்தத்தை வைத்து உள்ளே இருப்பவர் பயந்திருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவீர்கள் என்று அக்கா பெருமையடிப்பாள். பெற்ற பெண்ணின் "ம்" உங்களுக்குப் புரியவில்லையா?

அன்றைக்கு நடந்ததை நீங்கள் கேட்கவில்லை. நானும் முதல் கடிதத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டேன். இப்போது முழுசாகக் கேளுங்கள்.

முதல் நடைக்குப் புத்தகங்களும் பெடல் போன சைக்கிளும் கொண்டுபோனோம். காப்பக வாசலில் செருப்பு ஸ்டாண்டை ஒட்டி ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகள் உள்ளே கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் வெளியே, தன் செருப்பைக் காலில் போட்டபடி. மேடம் சொன்னார், அம்மா எந்த நேரம் வந்தாலும் உடனே கிளம்பிவிடலாம் என்று அவள் செருப்பைக் கழற்றவே மாட்டாளாம். யாரோடும் பேசவும் மாட்டாளாம். வீட்டுக்கு வந்ததும் பெரியவள் அந்த அட்டை வீட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த நடைக்கு அதை அவள்தான் தூக்கினாள். என்னைத் தொட விடவில்லை. நேரே செருப்பு ஸ்டாண்டுக்குப் போய், அந்தப் பெண் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இங்க பாரு, நூலை இப்படிப் பென்சில்ல சுத்தணும். ரொம்ப இழுத்தா அறுந்துடும். மேல போயிடுச்சா? இப்ப நீ விடு" என்று கற்றுக் கொடுத்தாள். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. ஆனால் லிஃப்ட் மேலே போய்த் தட்டியபோது சிரித்தாள், அத்தான். மேடம் உள்ளேயிருந்து ஓடி வந்து பார்த்தார். கிளம்பும்போது பெரியவள் அவளிடம் சொன்னாள், "இது இனிமே உன்னோடது. யாரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். நீங்கள் போய்க் கேட்டீர்கள். அதோடு, "தெரியாம குடுத்துட்டா" என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஏன் கொடுத்தாள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று அவள் கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். பல்லைப் பிடுங்கினாலும் சொல்ல மாட்டேன், பிடுங்கினால் நானே செய்து மாட்டிக்கொள்வேன். அவளிடமே கேளுங்கள். ஆனால் கேட்கிற மாதிரி கேளுங்கள்.

வாலு


மார்ச் 14

அன்புள்ள வாலு,

உன் கடிதம் வந்த அன்றே பெரியவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். மறுநாள் கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா." கேட்கிற மாதிரி கேள் என்றாய். அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் வேறு ஒன்று ஆரம்பித்திருக்கிறது. பென்சில் பெட்டியைத் திறந்து, "அப்பா, இந்த ரப்பர் என்னோடதா?" என்று கேட்கிறாள். பக்கத்துப் பெஞ்சுக்காரிக்குப் பழைய ஸ்கேலைக் கொடுக்கலாமா என்று கேட்கிறாள். நீ செய்த மாதிரியே நானும் அவளை உட்கார வைத்து, அலமாரியைத் திறந்து, "உன் டிரஸ்ல எது வேணும், எது வேணாம்னு நீயே சொல்லும்மா" என்றேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள். ஒரு கிழிந்த பனியனைக் காட்டினேன். இதைத் தூக்கிப் போடலாமா? "உங்க இஷ்டம்ப்பா." சின்னவளோ தன் நாளைக்குக் குவியல் மொத்தத்தையும் சோபாவுக்கு அடியில் ஒளித்துவிட்டாள். கரடியைத் தலையணை உறைக்குள் போட்டு, அதன் மேல் தலை வைத்துப் படுக்கிறாள். யாரிடமிருந்து ஒளிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காரணம் தெரிந்தது. பெரியவள் சொல்லவில்லை. பட்டாணிதான் வாயை விட்டாள். நான் கட்டிலைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு, "இப்பத்தான் ரூம் காலியா இருக்கே. இனிமே நீங்க ரெண்டு பேரும் இங்க படுக்கலாமே" என்றேன். பட்டாணி முகம் மாறி, "அது நம்ம ரூம் இல்லப்பா" என்றாள்.

"அப்புறம் யார் ரூம்?"

"அது அப்பா அழற ரூம்."

பெரியவள் அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

வாலு, நான் வேலை விட்டு வந்து, கை கழுவி, பிள்ளைகள் டி.வி. முன்னால் இருக்கிற நேரம் பார்த்து அந்த ரூமுக்குள் போவேன். கதவைச் சாத்திக்கொள்வேன். அந்த வீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் ரேகை மேல் என் விரலை வைத்துக்கொண்டு இருப்பேன். வாயில் துண்டை வைத்துக்கொள்வேன். சத்தம் வெளியே வராது என்று நினைத்தேன். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தது தனக்காக இல்லை, தங்கைக்குக் கேட்கக் கூடாது என்றுதான் என்று பெரியவள் இப்போது சொல்கிறாள்.

அவர்கள் ஹாலில் படுத்தது இடமில்லை என்பதால் இல்லை. ரூமை எனக்கு விட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள்.

"அந்த வீடு இல்லன்னா நீங்க அழ மாட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா" என்றாள். அவளுக்கு அதைக் கொடுக்க ஆசை இல்லை, வாலு. எனக்காகக் கொடுத்தாள். நான் போய்த் திருப்பி வாங்கி வந்து, அவள் கண் முன்னால் மறுபடி அதே இடத்தில் வைத்தேன். வைத்துவிட்டு, பார்த்தியா என்று வேறு கேட்டேன்.

அந்தச் சின்னப் பெண் கையை எடுத்துக்கொண்டது இப்போதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கு அதை நான் பார்த்தேனே தவிர, பார்க்கவில்லை.

அத்தான்


மார்ச் 22

அன்புள்ள அத்தானுக்கு,

எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கசக்கிவிட்டேன். எப்போதும் எனக்குப் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. இப்போது இருக்கிறது.

உங்களைக் குத்திக்காட்டி எழுதியதற்கெல்லாம் வருத்தப்படுகிறேன். நான் ஒன்றும் பெரிய யோக்கியம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று எழுதினேனே, அது எப்போது தெரிந்தது தெரியுமா? வீட்டைக் கொடுத்த பிறகு இல்லை. கொடுப்பதற்கு முன்னாலேயே. "ஏண்டி இதைக் குடுக்கணும்ங்கற?" என்று நான் கேட்டபோதே அவள் காதோடு சொல்லிவிட்டாள். கேட்டுவிட்டுத்தான் அவளோடு நடந்தேன்.

அப்போதே குவியலை அப்படியே விட்டுவிட்டு, "அப்பா வரட்டும்டி, அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லீவு முடியப் போகிறது, நான் போவதற்குள் அந்த ரூம் காலியாக வேண்டும் என்ற வேகம். நான் வந்து நல்லது செய்துவிட்டுப் போனேன் என்று இருக்க வேண்டும் எனக்கு. பிள்ளைகளைக் கேட்டுச் செய்தேன், கேட்டுச் செய்தேன் என்று மார் தட்டினேன். அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். நான் ரெண்டு பேரைத்தான் கேட்டேன். மூன்றாவது ஆள் எங்கோ லிஃப்டைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் காரியத்தை முடித்துவிட்டேன். அவள் உங்கள் மேல் பரிதாபப்பட்டுக் கொடுத்ததை, ஏதோ வீடு ஒழித்த கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஒன்பது வயசுப் பெண்ணுக்கு அப்பாவின் அழுகையை நிறுத்துகிற வேலையைக் கொடுத்தது நீங்கள் இல்லை, நானும் இல்லை. ஆனால் அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்திருக்க வேண்டியது நான்தான். பெரியவள் என்றுதானே அவளை எல்லோரும் கூப்பிடுகிறோம்! அவளும் அதை நம்பிவிட்டாள்.

இப்போது என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே சொல்வது என் பிறவிக் குணம். அந்த வீட்டை நீங்களாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது இன்னொரு தடவை அவளைக் கேட்காமல் செய்கிற காரியம். "எனக்குத் தெரியல, நான் பண்ணினது தப்பு. என்ன பண்ணலாம்?" என்று அவளிடமே சொல்லுங்கள். அவள் வாயைத் திறக்கும்வரை அவசரப்படுத்தாதீர்கள்.

பட்டாணியின் கரடிக்கு என் முத்தம். தலையணைக்குள் மூச்சு முட்டாமல் இருக்கச் சொல்லுங்கள்.

வாலு


ஏப்ரல் 7

அன்புள்ள வாலு,

நீ சொன்ன மாதிரியே சொன்னேன். அலமாரி முன்னால் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அவள் ஷூவுக்கு லேஸ் கட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது. ஷூவைப் பார்த்துக்கொண்டு சொல்வது சுலபமாக இருந்தது. "அப்பா பண்ணினது தப்பும்மா. உன்னைக் கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன்."

ரெண்டாவது ஷூவையும் கட்டி முடித்தேன். அப்புறம் சொன்னாள், "அவ என்னைப் பத்தி என்னப்பா நெனச்சிருப்பா? யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னேனே."

"திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்துடலாமா?"

"நீங்க அழுதா?"

"அழுவேன். ஆனா கதவைச் சாத்திக்கிட்டு அழ மாட்டேன். உங்க பக்கத்துல உட்கார்ந்து அழறேன்."

"சத்தமா?" என்று கேட்டாள் பட்டாணி. சத்தமாகத்தான் என்றேன். அவளுக்கு அதில் ஏதோ திருப்தி.

சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். பெரியவள் வீட்டைத் தூக்கிக்கொண்டாள், பட்டாணி பென்சிலை எடுத்துக்கொண்டாள். காப்பக வாசலில் செருப்பு ஸ்டாண்டு பக்கம் யாரும் இல்லை. உள்ளே போய் மேடத்திடம் கேட்டேன். "அவங்க போயிட்டாங்களே சார்" என்றார்.

அந்தப் பெண்ணின் அப்பா டைல்ஸ் பதிக்கிறவராம். அம்மாவும் கூடவே வேலைக்குப் போவாளாம். எந்தக் கட்டடத்தில் வேலையோ அதையொட்டி வீடு எடுத்துத் தங்குவார்களாம். இங்கே வேலை முடிந்து, வேறு இடம் போய்விட்டார்கள். அவர்கள் கொடுத்திருந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. எந்தப் பக்கம் போனார்கள் என்று மேடத்துக்கும் தெரியவில்லை.

பெரியவள் கேட்டாள், "நான் குடுத்தது போனப்புறம் அவ அழுதாளா மேடம்?"

மேடம் என்னைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "அழலைம்மா. மறுபடியும் செருப்பு ஸ்டாண்டுகிட்டயே போய் உட்கார்ந்துக்கிட்டா" என்றார். நான் வாங்கிக் கொடுத்த பந்து அலமாரி மேல் இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லையாம்.

"அதனால என்ன, வேற பிள்ளைங்க இருக்காங்களே. இங்கயே வெச்சுட்டுப் போங்க" என்று மேடம் கை நீட்டினார். பெரியவள் வீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "இல்ல மேடம். இது அவளோடது. அவளைக் கேக்காம எப்படிக் குடுக்கறது?" என்றாள்.

திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தோம். வழியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை அவள். என்னால்தான் முடியவில்லை. சொன்ன மாதிரி சத்தமாகவே ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பட்டாணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து வழி விடுங்க என்கிற மாதிரி முன்னால் நடந்தாள்.

அந்த வீடு இப்போது ஹாலில், ஜன்னல் பக்கம் இருக்கிறது. நான் மடியில் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. ரேகையைத் தொடுவதும் இல்லை. எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுக்க, அதன் சொந்தக்காரி இங்கே இல்லை.

அத்தான்


ஏப்ரல் 15

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு லேபில் பாத்ரூம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நமக்கெல்லாம் இந்தக் கதவு சாத்துகிற புத்தி எப்போதுதான் போகுமோ.

அவசரப்படாமல் இருந்திருந்தால் என்று நானும், போகாமல் இருந்திருந்தால் என்று நீங்களும், ஆளுக்கொரு பக்கம் இருந்து யோசித்துக்கொண்டே இருக்கலாம். யோசித்து என்ன, அந்தப் பெண் செருப்பைப் போட்டபடியே எங்கேயோ போய்விட்டாள்.

பள்ளிக்கூட லீவுக்கு நான் வரலாமா? இந்தத் தடவை எதையும் ஒழிக்க மாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேண்டுமானால் அந்த நாளைக்குக் குவியலுக்குக் காவல் இருக்கிறேன். வரலாமா என்று உங்கள் மூன்று பேரையும் கேட்கிறேன். மூன்று பேரும் சொன்னால்தான் வருவேன்.

வாலு


மே 20

அன்புள்ள வாலு,

பதில் தாமதம். மூன்று பேரிடமும் கேட்க வேண்டும் என்றாய், அதனால்தான். நான் அன்றைக்கே சரி என்றுவிட்டேன். பட்டாணி கரடியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி ஒரு வாரம் இழுத்தாள். பெரியவள், "சித்தி சொல்லிக்காம போனாங்களே, திரும்பவும் அப்படிப் போவாங்களா?" என்று கேட்டாள். போக மாட்டாள் என்று உனக்காக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வாக்கு இந்த வீட்டில் இப்போது அவ்வளவாகச் செல்லுபடி ஆவதில்லை. நீதான் வந்து காப்பாற்ற வேண்டும். புறப்படும் நாளை எழுது. பேருந்து நிலையத்துக்கு வருகிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ரப்பர் என்னோடதா என்று பெரியவள் இன்னும் கேட்கிறாள். "உன்னோடதுதாம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். நான் சொல்வதை நம்ப அவளுக்கு எவ்வளவு காலம் ஆகுமோ, அவ்வளவு காலமும் சொல்ல வேண்டியதுதான். படுப்பது இன்னும் ஹாலில்தான். நானும் பாயை அங்கேயே போட்டுக்கொள்கிறேன். அந்த ரூமில் இப்போது யாரும் இல்லை. இத்தனை இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நான் ஒன்று செய்ய ஆரம்பித்திருக்கிறேன். உனக்குச் சிரிப்பு வரலாம். கம்பெனியில் கேட்டு, புதுக் கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டுகிற வேலைக்கு மாற்றிக்கொண்டேன். அலைச்சல் அதிகம். ஆனால் புதுக் கட்டடம் என்றால் டைல்ஸ்காரர்கள் இருப்பார்கள். போனதும் முதல் வேலை, ஒவ்வொரு மாடியாக ஏறி அவர்களிடம் கேட்பது. "இந்த மாதிரி ஒரு புருஷன் பொஞ்சாதி, நாலு வயசுப் பொண்ணு, பேசாது, செருப்பைக் கழட்டாது." மேடம் சொன்ன பேரையும் சொல்கிறேன். சிலர் யோசித்துப் பார்க்கிறார்கள். சிலர், கடன்காரனா, போலீஸா என்று என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். "உங்களுக்கு என்ன வேணும் அவங்க?" என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் வீடு ஒன்று எங்களிடம் இருக்கிறது என்று ஒருவரிடம் சொன்னேன். அவர் என்னை விட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

இதுவரை கிடைக்கவில்லை. கிடைப்பாள் என்று சொல்லவும் முடியவில்லை. கட்டடங்களுக்கா குறைச்சல்?

சாயங்காலம் நான் கதவைத் திறக்கும்போது பெரியவள் வாசலுக்கு வந்துவிடுகிறாள். அந்த ரப்பர் கேள்வியை விட்டால், கொஞ்ச காலமாக அவளாக என்னிடம் தினமும் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான்.

"இன்னைக்குக் கிடைச்சாளாப்பா?"

"இல்லம்மா."

அவள் என் கையிலிருந்து டூல்ஸ் பையை வாங்கிக்கொள்கிறாள். கனமான பை. தூக்க முடியாமல் ரெண்டு கையாலும் பிடித்து, முழங்காலில் இடித்துக்கொண்டே உள்ளே கொண்டுபோய் வைக்கிறாள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறாள்:

"நாளைக்கு எந்த பில்டிங்?"

அத்தான்